நாற்பது கணினிகளை ஒரே சர்வரிலிருந்து நிர்வகிப்பது எப்படி? டொமைன், குரூப் பாலிசி, அப்டேட்: முழுமையான வழிகாட்டி

கல்லூரி லேபிலோ நடுத்தர அலுவலகத்திலோ முப்பது, நாற்பது விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து சாஃப்ட்வேர் போடுவது, பாஸ்வேர்ட் மாற்றுவது, அப்டேட் ஓட்டுவது எல்லாம் இனி கட்டுப்படியாகாது என்ற நிலையில்தான் பலரும் மைய நிர்வாகத்துக்கு வருகிறார்கள். இந்த வேலையை ஆக்டிவ் டைரக்டரி (கணினிகள், பயனர்களின் மையப் பதிவேடு), குரூப் பாலிசி (அவற்றுக்கான விதிகளை மையமாக அமைக்கும் வசதி), டபிள்யூசஸ் (அப்டேட்களை உள்ளேயே பகிரும் சர்வர்) ஆகிய மூன்றையும் வைத்துச் செய்யும் முறையை இங்கே எழுதியிருக்கிறேன். ஆக்டிவ் டைரக்டரியின் கீழ் ஒன்றாக நிர்வகிக்கப்படும் கணினிகள், பயனர்களின் தொகுப்புத்தான் டொமைன்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது படிகளின் வரிசையில்தான். ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை இரண்டாவதாகச் செய்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று பாலிசியைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்கள். பாலிசியில் கோளாறே இருக்காது.

1. முதலில் புரிய வேண்டியது: கேட்பது கிளையன்ட்தான்

சர்வரில் ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாக் கணினிகளுக்கும் மாற்றம் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சர்வர் யாரையும் தேடிப் போவதில்லை. ரேஷன் கடை மாதிரிதான்: கார்டைக் கொண்டு வருபவருக்கு அந்தக் கார்டுக்கு உரியது கிடைக்கும், கடைக்காரர் வீடு வீடாக வரமாட்டார். வந்து கேட்பது கிளையன்டின், அதாவது சர்வரோடு இணைந்த ஒவ்வொரு கணினியின், வேலை.

கணினி ஆன் ஆனதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டொமைன் கண்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்) எங்கே இருக்கிறது என்று முதலில் டிஎன்எஸ்ஸைக் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) கேட்கிறது. பிறகு கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை முறையில் தன்னை நிரூபிக்கிறது. டைரக்டரியில் தான் எந்த ஓயூவில் (கணினிகளையும் பயனர்களையும் பிரித்து வைக்கும் பிரிவு) இருக்கிறோம், அந்த ஓயூவுடன் எந்தெந்த ஜிபிஓக்கள் (குரூப் பாலிசி அமைப்புகளின் தொகுப்புகள்) இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கிறது. அந்த ஜிபிஓக்களின் கோப்புகளை டொமைன் கண்ட்ரோலரில் உள்ள சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரிலிருந்து எடுக்கிறது. கடைசியாக, கிளையன்ட் சைடு எக்ஸ்டென்ஷன் என்ற உள்ளூர் நிரல்கள் ஒவ்வொன்றும் தன் பங்கைச் செயல்படுத்துகின்றன.

அப்புறம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேட்கும். அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஒரு தாமதத்தை ஒவ்வொரு கணினியும் தானாகச் சேர்த்துக்கொள்ளும். எல்லாம் ஒரே நொடியில் சர்வரை மொய்க்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே சர்வரில் மாற்றம் செய்துவிட்டுப் பத்தாவது நிமிடம் ‘வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று: ஜிபிஓவின் பதிப்பு எண் மாறவில்லை என்றால் பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்கள் அதை மறுபடி செயல்படுத்தாமல் தாண்டிவிடும். உள்ளூர் அட்மின் உரிமை உள்ள ஒருவர் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்தால் அது உடனே சரியாகாமல் இருப்பது இதனால்தான். செக்யூரிட்டி அமைப்புகள் மட்டும், மாற்றமே இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பதியும்.

பல கணினிகளை நிர்வகிக்கும் வேறு பல கருவிகளிலும் இதே அமைப்புத்தான். பப்பெட் ஏஜென்ட் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். இன்ட்யூனில் சேர்த்த விண்டோஸ் கணினி ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆன்சிபிள் என்ற கருவி வேறு வகை, அது எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநிலை இணைப்பு வழியாகத் தானே உள்ளே போய்ச் செய்யும். அதனால் அந்த நேரத்தில் அணைந்திருக்கும் கணினிகள் விடுபட்டுப்போகும்.

இதிலிருந்து ஐந்து கேள்விகள் கிடைக்கின்றன. கிளையன்ட் சர்வரைக் கண்டுபிடித்ததா? சர்வர் அதை நம்பியதா? அது சரியான ஓயூவில் இருக்கிறதா? ஜிபிஓவைப் படிக்க அனுமதி இருக்கிறதா? செயல்படுத்தும் தருணம் வந்ததா? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன. கோளாறு தேடும்போதும் இதே வரிசைதான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிளையன்ட்கள் எல்லாம் விண்டோஸ் ப்ரோ, எஜுகேஷன் அல்லது எண்டர்பிரைஸ் பதிப்பாக இருக்க வேண்டும். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்க முடியாது. கணினி வாங்கும்போது விலை குறைவு என்று ஹோம் பதிப்போடு வாங்கியிருப்பார்கள். அது தெரியவருவது சேர்க்க உட்காரும் அன்றுதான். முதல் வேலையாக ஒவ்வொரு கணினியின் பதிப்பையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான இயல்பான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், எந்தக் கணினி 11க்கு ஏறும், எது ஏறாது என்பதையும் அதே ஷீட்டில் குறித்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் சர்வர் உரிமம் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ ‘கால்’ எனப்படும் அணுகல் உரிமமும் வேண்டும். ஷிப்ட் ஷிப்டாக மாணவர்கள் மாறி மாறி உட்காரும் லேபுக்குக் கருவிக் கணக்கில் வாங்குவது சிக்கனம்.

டொமைன் கண்ட்ரோலர் இரண்டு இருக்க வேண்டும் என்பேன். ஒன்றுதான் இருந்து அது படுத்துவிட்டால், ஏற்கெனவே அந்தக் கணினியில் லாகின் செய்தவர்கள் மட்டும்தான் உள்ளே போக முடியும். விண்டோஸ் கடைசிப் பத்து பேரின் லாகின் விவரத்தைத்தான் இயல்பாகச் சேமித்து வைக்கிறது. புதிதாக வரும் மாணவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இரண்டாவதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை, யூபிஎஸ் கட்டாயம் தேவை.

கடைசியாக, பெயர். டொமைனுக்கு வைக்கும் பெயரைப் பிறகு மாற்றுவது பெரும் பாடு. உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஏற்கெனவே பதிவான இணையப் பெயரின் கிளைப்பெயராக வையுங்கள், முன்னால் ‘ஏடி’ என்று சேர்த்தால் போதும். ‘லோக்கல்’ என்று முடியும் பெயரைப் பழைய வீடியோக்களில் பார்த்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வேண்டாம்.

3. டொமைன் கண்ட்ரோலரும் டிஎன்எஸ்ஸும்

சர்வருக்கு முதலில் நிலையான ஐபி கொடுங்கள், பெயர் வையுங்கள், ரீபூட் செய்யுங்கள். அதன் பிறகே ஆக்டிவ் டைரக்டரி ரோலை நிறுவி டொமைன் கண்ட்ரோலராக உயர்த்துங்கள். உயர்த்தும்போதே டிஎன்எஸ் ரோலும் சேர்ந்து நிறுவப்படும்.

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வரி: கிளையன்ட்களின் டிஎன்எஸ் முகவரி டொமைன் கண்ட்ரோலரின் ஐபியாக மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு கண்ட்ரோலர் இருந்தால் இரண்டின் ஐபியும். வேறு எதுவும் கூடாது.

பலர் ‘சர்வர் போனாலும் இன்டர்நெட் வரட்டும்’ என்று இரண்டாவது முகவரியாக 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) போட்டுவைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சர்வர் ஒரு கணம் பதில் சொல்லத் தாமதித்தாலே விண்டோஸ் அடுத்த முகவரிக்குத் தாவிவிடும், அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியும்விடும். உங்கள் உள்ளூர் டொமைன் வெளியே உள்ள டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது, ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லிவிடும். விளைவு: பாலிசி சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை. கண்டுபிடிக்க மிகக் கஷ்டமான கோளாறு இந்த விட்டுவிட்டு வரும் கோளாறுதான்.

இன்டர்நெட் வேண்டுமென்றால் டொமைன் கண்ட்ரோலரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டர் என்ற இடத்தில் வெளி முகவரியைக் கொடுங்கள். கிளையன்ட் சர்வரைக் கேட்கும், சர்வர் வெளியே கேட்டுச் சொல்லும்.

அடுத்து டிஹெச்சிபி, அதாவது கணினிகளுக்கு ஐபி, டிஎன்எஸ் முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் சேவை. லேபில் ஏற்கெனவே இருக்கும் ரவுட்டர் தன்னையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதில் டிஎன்எஸ் முகவரியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ரவுட்டரின் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு சர்வரில் அந்த ரோலைப் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் பாதிக் கணினிகளுக்கு ஒரு டிஎன்எஸ், மீதிக்கு வேறு டிஎன்எஸ் கிடைக்கும்.

ஒரு கிளையன்டில் டொமைனின் பெயரை என்எஸ்லுக்அப் என்ற கட்டளையால் கேட்டுப் பாருங்கள். சர்வரின் ஐபி பதிலாக வந்தால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

4. நேரம்

கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். பழைய லேப் கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர் 2032 பேட்டரி செத்திருக்கும். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், அந்தக் கணினியை டொமைன் நம்பாது. சேர்ப்பதற்கு முன்பே பயாஸ் கடிகாரத்தைப் பார்த்து, தேவையானவற்றில் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கிளையன்ட்கள் டொமைன் கண்ட்ரோலரிடமிருந்து தானாக நேரம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, முதல் கண்ட்ரோலரை வெளியே ஒரு நம்பகமான என்டிபி (நேரம் சொல்லும்) சர்வருடன் இணைப்பது மட்டும்தான்.

5. இமேஜ், பெயர், அப்புறம் சேர்ப்பது

நாற்பது கணினிக்கும் விண்டோஸை ஒவ்வொன்றாகப் போட வேண்டாம். ஒன்றைத் தயார் செய்து இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்துப் பரப்பலாம். வரிசை இதுதான்: தயார் செய்யுங்கள், டொமைனில் சேர்க்காமலே சிஸ்ப்ரெப்பை (கணினியின் தனி அடையாளங்களை அழிக்கும் விண்டோஸ் கருவி) ஜெனரலைஸ் தேர்வுடன் ஓட்டுங்கள், இமேஜ் எடுங்கள், பரப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள், அதன் பிறகு டொமைனில் சேருங்கள். சேர்த்த பிறகு இமேஜ் எடுத்தால் நாற்பதும் ஒரே அடையாளத்தோடு சர்வரிடம் வந்து நிற்கும்.

பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். லேப் எண், வரிசை எண், இருக்கை எண் என்று வைத்தால், லாகில் ஒரு பெயரைப் பார்த்ததும் நேரே அந்த மேஜைக்குப் போகலாம். சிபியூவை வேறு இருக்கைக்கு மாற்றினால் பெயரையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

சேர்க்கும்போது புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம்: முதல் பத்து கணினிகள் ஒழுங்காகச் சேரும், பதினொன்றாவது மறுக்கப்படும். சாதாரணப் பயனர் கணக்கு ஒவ்வொன்றும் பத்து கணினிகளைத்தான் சேர்க்கலாம் என்பது ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பான வரம்பு. இதற்காக டொமைன் அட்மின் கணக்கை லேப் கணினிகளில் தட்டாதீர்கள். சேர்ப்பதற்கென்றே ஒரு கணக்கு உண்டாக்கி, லேப் ஓயூவில் கணினிகளை உருவாக்கும் உரிமையை மட்டும் அதற்கு ஒப்படையுங்கள் (ஓயூ அமைப்பதும், புதிய கணினிகள் அங்கே விழச் செய்வதும் அடுத்த பிரிவில் வருகிறது; சேர்க்கும் முன் அதையும் படித்துவிடுங்கள்). டொமைன் அட்மின் கணக்கைக் கிளையன்டில் பயன்படுத்தினால் அதன் ரகசியத் தடயம் அங்கே தங்கக்கூடும். அந்த ஒரு கணினி பறிபோனால் மொத்த டொமைனும் போய்விடும்.

ஃபார்மட் செய்த கணினியை அதே பெயரில் மறுபடி சேர்க்கும்போதும் ஒரு தடை வரும். 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, பழைய கணினிக் கணக்கை உருவாக்கியவரே சேர்த்தால் ஒழிய, பொதுவாக விண்டோஸ் அதை மறுபயன்பாடு செய்ய விடுவதில்லை. அதே சேர்க்கும் கணக்கைப் பயன்படுத்துங்கள், அல்லது பழைய கணக்கை நீக்கிவிட்டுச் சேருங்கள்.

6. ஓயூ: கணினியை உரிய இடத்தில் வைப்பது

புதிதாகச் சேரும் கணினி ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்ற இடத்தில் போய் விழும். பார்க்க ஓயூ போலவே இருக்கும், ஆனால் அது வெறும் கண்டெய்னர். அதனுடன் ஜிபிஓவை இணைக்க முடியாது. ‘சேர்த்தாயிற்று, பாலிசி மட்டும் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான். ரெடிர்கம்ப் கட்டளையால் புதிய கணினிகள் நேரே உங்கள் ஓயூவில் விழும்படி செய்துவிடலாம்.

ஓயூ மரத்தை நிறுவனத்தின் துறை அமைப்பைப் பார்த்துப் போடாதீர்கள். எந்தக் கணினிகளுக்கு ஒரே மாதிரி பாலிசி வேண்டுமோ அவை ஒரே ஓயூவில் இருக்கட்டும். ஒரு கல்லூரிக்குக் கணினிகளுக்கென லேப், ஆசிரியர் அறை, அலுவலகம், சோதனை; பயனர்களுக்கென மாணவர், ஆசிரியர், அலுவலர். இவ்வளவே போதும். ‘சோதனை’ ஓயூவில் இரண்டு கணினிகளை நிரந்தரமாக வையுங்கள். எந்த மாற்றமும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

7. முதல் பாலிசி

முதலில் எதையும் தடை செய்யும் பாலிசி போடாதீர்கள். லாகின் திரையில் ஒரு செய்தி காட்டும் பாலிசியைப் போடுங்கள். சர்வரிலிருந்து கிளையன்ட் வரை பாதை திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், தவறினாலும் யாருக்கும் பாதிப்பில்லை.

குரூப் பாலிசி மேனேஜ்மென்டில் ‘சோதனை’ ஓயூவின் மேல் ரைட் கிளிக் செய்து புதிய ஜிபிஓ உண்டாக்குங்கள். பெயரிலேயே அது என்ன செய்கிறது என்று இருக்கட்டும். ‘நியூ பாலிசி 3’ என்ற பெயர் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே எதையும் சொல்லாது. கிளையன்டில் ஜிபிஅப்டேட் கட்டளையை ஓட்டிவிட்டு ரீபூட் செய்தால் செய்தி தெரிய வேண்டும். தெரிந்தால் இதுவரை செய்த எல்லாப் படிகளும் சரி.

‘டிஃபால்ட் டொமைன் பாலிசி’யில் கை வைக்காதீர்கள். டொமைன் கணக்குகளுக்கான பொதுவான பாஸ்வேர்ட், லாக்அவுட் விதிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அவை டொமைன் மட்டத்தில் இணைத்தால்தான் செல்லுபடியாகும். ஓயூவில் போட்டால் அந்தக் கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளுக்குத்தான் பொருந்தும்.

பாலிசிகள் மோதினால் எது ஜெயிக்கும்? உள்ளூர், சைட் (டைரக்டரியில் குறித்த நெட்வொர்க் இடம்), டொமைன், ஓயூ என்ற வரிசையில் போடப்படும், கடைசியாக வருவது ஜெயிக்கும். கிளை ஓயூ தாய் ஓயூவை வெல்லும். ‘என்ஃபோர்ஸ்டு’ என்று குறித்தது இதைத் தலைகீழாக்கும். அதையும், மேலிருந்து வரும் பாலிசிகளைத் தடுக்கும் ‘பிளாக் இன்ஹெரிட்டன்ஸை’யும் முடிந்தவரை தவிருங்கள், இரண்டும் கலந்துவிட்டால் எந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அரை நாள் போகும்.

இனி, நான் அதிகம் பார்த்த தடுமாற்றம். ஒவ்வொரு ஜிபிஓவிலும் இரண்டு பாதிகள் உண்டு: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், யூசர் கான்ஃபிகரேஷன். முதல் பாதி கணினி இருக்கும் ஓயூவைப் பார்த்து வரும், இரண்டாவது பாதி பயனர் இருக்கும் ஓயூவைப் பார்த்து வரும். லேப் கணினிகளின் ஓயூவில் ஒரு ஜிபிஓ போட்டு, அதன் யூசர் பாதியில் கண்ட்ரோல் பேனலை மறைத்தால் எதுவும் நடக்காது. மாணவரின் கணக்கு வேறு ஓயூவில் அல்லவா இருக்கிறது?

‘யார் உட்கார்ந்தாலும் சரி, லேப் கணினியில் கண்ட்ரோல் பேனல் தெரியக் கூடாது’ என்பதுதான் உங்கள் தேவை என்றால் லூப்பேக் வேண்டும், அதாவது யூசர் பாதியையும் கணினியின் ஓயூவைப் பார்த்து எடுக்கச் செய்யும் அமைப்பு. கம்ப்யூட்டர் பாதியில், சிஸ்டம் பிரிவின் கீழே குரூப் பாலிசி என்ற இடத்தில் அந்த அமைப்பு இருக்கிறது. ‘மெர்ஜ்’ என்றால் பயனரின் சொந்தப் பாலிசிகளும் வரும், லேபுக்கானவையும் மேலே சேரும். மோதினால் லேப் பாலிசி ஜெயிக்கும். ‘ரிப்ளேஸ்’ என்றால் பயனரின் சொந்தப் பாலிசிகள் அந்த லேபில் வரவே வராது. ஆசிரியர்களும் வந்து உட்காரும் லேபுக்கு மெர்ஜில் தொடங்குவது நல்லது.

செக்யூரிட்டி ஃபில்டரிங்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பாலிசி குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் போக வேண்டும் என்று ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ஸை எடுத்துவிட்டு அந்தக் குழுவைச் சேர்ப்பார்கள். 2016 ஜூனில் வந்த பாதுகாப்பு அப்டேட்டிலிருந்து பயனர் பாலிசியையும் கணினிக் கணக்குத்தான் படிக்கிறது. ஆகவே டெலிகேஷன் டேபில் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாலிசி சத்தமில்லாமல் விடுபடும்.

8. மென்பொருள் நிறுவுவது

குரூப் பாலிசி எம்எஸ்ஐ கோப்புகளை (விண்டோஸின் ஒரு நிறுவல் கோப்பு வகை) நேரடியாக நிறுவும். சர்வரில் ஒரு ஷேர் உண்டாக்கிக் கோப்பை அதில் வையுங்கள். ஜிபிஓவில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும்போது சி டிரைவ் வழியாகப் போகாமல் \\சர்வர்\ஷேர் என்ற நெட்வொர்க் பாதையைத் தட்டுங்கள். சி டிரைவ் பாதையைக் கொடுத்தால் கிளையன்ட் அதைத் தன் சொந்த சி டிரைவில் தேடும்.

அடுத்து அனுமதி. நிறுவல் நடப்பது யாரும் லாகின் செய்வதற்கு முன்பு, கணினியின் கணக்கில். எனவே ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் அனுமதி (டிஸ்க்கில் அந்த ஃபோல்டருக்கே உள்ள அனுமதி) இரண்டிலும் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் உரிமை வேண்டும். ‘நான் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன், திறக்கிறதே’ என்பார்கள். திறந்தது உங்கள் கணக்கு. கணினிக்குத் திறந்ததா என்பதுதான் கேள்வி.

கணினிக்கு ஒதுக்கிய மென்பொருள் கணினி ஆன் ஆகும்போது மட்டும்தான் நிறுவப்படும். 90 நிமிடச் சுற்றில் வராது. விண்டோஸ் வேகமாக லாகின் திரைக்கு வர வேண்டும் என்பதற்காக நெட்வொர்க் தயாராவதற்குக் காத்திருக்காமல் ஓடிவிடும். அதனால் இரண்டு, மூன்று ரீபூட் தேவைப்படும். ‘ஆல்வேஸ் வெயிட் ஃபார் த நெட்வொர்க்’ என்று தொடங்கும் அமைப்பை இயக்கிவிட்டால் இந்த இழுபறி போகும்.

ஷட்டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால் போதும் என்றும் நம்பாதீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட்டவுன் என்பது முழு அணைப்பு ஆகாது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாக எழும்.

ஈஎக்ஸ்ஈ கோப்புகளுக்கு ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியே ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தினமும் காலையில் நாற்பது கணினியும் அதையே மறுபடி நிறுவும். ஸ்கிரிப்ட்களுக்கு இயல்பாக 10 நிமிடம்தான் அவகாசம், பெரிய நிறுவல் என்றால் அதை உயர்த்துங்கள். எல்லாக் கணினிக்கும் ஒரே காலையில் பெரிய மென்பொருளை விடவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று போங்கள், சுவிட்சும் சர்வரும் தாங்கும்.

9. அப்டேட்

நாற்பது கணினியும் தனித்தனியாக இணையத்திலிருந்து அப்டேட் இழுத்தால் லைன் முழுவதும் அதற்கே போய்விடும். டபிள்யூசஸ் ஒருமுறை இறக்கி உள்ளேயே பகிரும். இதில் புதிய வசதிகள் இனி வராது என்று மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பரில் அறிவித்தது, ஆனால் விண்டோஸ் சர்வர் 2025இலும் அது இருக்கிறது, வேலையும் செய்கிறது. டொமைன் கண்ட்ரோலரிலேயே அதைப் போடாமல் தனி சர்வரில் போடுங்கள்.

நிறுவும்போது உங்களிடம் இருக்கும் விண்டோஸ் பதிப்பு, ஆங்கில மொழி, செக்யூரிட்டி, கிரிட்டிக்கல் வகைகள் ஆகியவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘எல்லாம் இருக்கட்டும்’ என்று டிரைவர்களையும் சேர்த்து டிக் செய்தால் டேட்டாபேஸ் வீங்கி கன்சோலே திறக்காத நிலை வரும்.

கிளையன்டுக்கு முகவரி கொடுக்கும் பாலிசியில் போர்ட் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்: சாதாரண இணைப்புக்கு 8530, பாதுகாப்பான இணைப்புக்கு 8531. இதை விட்டுவிட்டு ‘கணினிகள் கன்சோலில் வரவில்லை’ என்று தேடுபவர்கள் நிறைய. கிளையன்ட் இயல்பாக 22 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இங்கே கேட்கும் என்பதால் முதல் நாள் பட்டியல் காலியாக இருந்தால் பதற வேண்டாம்.

நாற்பது கணினி இருந்தும் கன்சோலில் ஒன்றிரண்டே தெரிகிறது, ஒன்று வந்தால் இன்னொன்று மறைகிறது என்றால், சிஸ்ப்ரெப் செய்யாமல் குளோன் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் ஒரே அப்டேட் அடையாள எண்ணோடு வருகின்றன. ரெஜிஸ்ட்ரியில் அந்த எண்ணை அழித்தால் புதியது உண்டாகும்.

அனுமதி கொடுப்பதிலும் சோதனைக் கணினிகள் முதலில். சில நாள் பார்த்துவிட்டு மற்றவை. தேர்வு நடக்கும் வாரத்தில் எதற்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

10. உள்ளூர் அட்மின் பாஸ்வேர்ட்

எல்லாக் கணினியிலும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் என்பது ஒரு மாணவருக்குத் தெரிந்தால் நாற்பதும் தெரிந்த கணக்கு. முன்பு குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் வழியாகப் பாஸ்வேர்ட் அனுப்புவார்கள். அதைப் பூட்டிய சாவி பொதுவில் வெளியானதால் 2014இல் அந்த வசதியே நிறுத்தப்பட்டது. பழைய சிஸ்வாலில் அப்படிப்பட்ட கோப்பு கிடந்தால் தேடி நீக்குங்கள்.

அதற்குப் பதில் லேப்ஸ் என்ற உள்ளூர் அட்மின் பாஸ்வேர்ட் வசதி இருக்கிறது. 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு பாஸ்வேர்டை உண்டாக்கி, டைரக்டரியில் பத்திரமாக வைத்து, குறித்த காலத்தில் மாற்றிக்கொள்ளும்.

11. வரவில்லை என்றால் எங்கே தேடுவது

கிளையன்டில் ஜிபிரிசல்ட் கட்டளையால் ஹெச்டிஎம்எல் அறிக்கை எடுங்கள். எந்த ஜிபிஓ வந்தது, எது மறுக்கப்பட்டது, ஏன் என்று எழுதியிருக்கும். உங்கள் ஜிபிஓவின் பெயரே அறிக்கையில் இல்லையென்றால் ஓயூவைப் பாருங்கள். ‘டினைடு’ பட்டியலில் இருந்தால் அனுமதி. ‘அப்ளைடு’ என்றிருந்தும் விளைவு இல்லையென்றால் வேறு ஜிபிஓ அதை வென்றிருக்கிறது, அல்லது ரீபூட் பாக்கி. கணினிப் பகுதி முழுவதும் வேண்டுமென்றால் அட்மின் உரிமையோடு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பயனர் பகுதி மட்டும் தெரியும்.

அடுத்து ஈவென்ட் வியூவர். சிஸ்டம் லாகில் 1058 என்ற எண் வந்தால் சிஸ்வாலில் இருக்கும் கோப்பைப் படிக்க முடியவில்லை. பெரும்பாலும் டிஎன்எஸ், சில சமயம் அனுமதி. 1129 வந்தால் அந்த நேரத்தில் டொமைன் கண்ட்ரோலரை எட்டவே முடியவில்லை.

இந்த 1129இல் ஒரு வகையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பாலிசியைத் தேடி நாள்கணக்கில் வீணாக்குகிறார்கள். அறிகுறி இப்படி இருக்கும்: காலையில் ஆன் செய்ததும் மென்பொருள் நிறுவப்படவில்லை. கையால் ஜிபிஅப்டேட் கொடுத்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. டிஎன்எஸ் சரி, அனுமதி சரி. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்ட கணினிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இப்போது சுவிட்சைப் பாருங்கள். மேனேஜ்டு சுவிட்சில் கேபிள் உயிர்பெற்றதும் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் லூப் வராமல் தடுக்கும் ஏற்பாடு) அந்த போர்ட்டை உடனே திறக்காது. கேட்க 15 நொடி, கற்க 15 நொடி, ஆக 30 நொடி பூட்டியே வைத்திருக்கும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் அதற்குள் எழுந்து, சர்வரைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிடுகிறது. கணினிகள் சொருகப்பட்ட போர்ட்களில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட் அல்லது எட்ஜ் போர்ட் என்ற அமைப்பை இயக்குங்கள். சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையிலான போர்ட்டில் இயக்க வேண்டாம், லூப் வந்தால் லேப் முழுவதும் நின்றுவிடும்.

12. ரீபூட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் லேப்கள்

மாணவர் செய்த மாற்றங்கள் எல்லாம் ரீபூட்டில் அழியும்படி பல லேப்களில் ஃப்ரீஸ் மென்பொருள் போட்டிருப்பார்கள். டொமைனோடு சேரும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் ஒரு பாஸ்வேர்ட் இருக்கிறது, 30 நாளுக்கு ஒருமுறை கணினி தானே அதை மாற்றிச் சர்வரிடம் பதியும். ஃப்ரீஸ் ஆன கணினி ரீபூட்டில் பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும், சர்வரிடமோ புதியது இருக்கும். அதனால்தான் ஒரு மாதம் நன்றாக ஓடிய லேபில் திடீரென்று ‘ட்ரஸ்ட் ரிலேஷன்ஷிப்’ பிழை வரிசையாக வருகிறது.

கணினியை டொமைனிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பது பலரின் பழக்கம். பவர்ஷெல்லில் செக்யூர் சேனலை (கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை இணைப்பு) சோதித்துச் சரிசெய்யும் கட்டளையே போதும். ஆனால் ஃப்ரீஸைக் கழற்றிவிட்டு அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் அடுத்த ரீபூட்டில் பழைய கதைதான். நிலையான தீர்வு, ஃப்ரீஸ் உள்ள கணினிகளின் ஓயூவில் மட்டும் கணினிப் பாஸ்வேர்ட் மாற்றத்தை நிறுத்தும் பாலிசி போடுவது. பாதுகாப்பு கொஞ்சம் குறையும். அதனால் அலுவலகக் கணினிகளுக்கு அதை நீட்டாதீர்கள். அப்டேட், மென்பொருள், லேப்ஸ் எல்லாவற்றுக்கும் ஃப்ரீஸைத் திறந்துவைக்கும் நேரம் ஒன்றை வாரத்தில் ஒதுக்க வேண்டும். ஃப்ரீஸ் உள்ள கணினியில் இவை எதுவும் தங்காது.

13. பேக்கப்

டொமைன் கண்ட்ரோலரின் சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டைரக்டரியையும் சேர்த்து எடுக்கும் பேக்கப்) தானாக எடுக்கப்பட வேண்டும், அந்த சர்வருக்கு வெளியே ஒரு பிரதியும் இருக்க வேண்டும். இயல்பான அமைப்பில் 180 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்பிலிருந்து டைரக்டரியை மீட்கக் கூடாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து அலமாரியில் வைக்கும் ஹார்ட் டிஸ்க் உதவாது.

ஜிபிஓக்களைத் தனியாக, குரூப் பாலிசி மேனேஜ்மென்டிலிருந்தே பேக்கப் எடுங்கள், ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன்பு. மீட்கும்போது பலருக்குத் தெரியவரும் ஒன்று: அந்தப் பேக்கப்பில் ஜிபிஓவின் உள்ளடக்கம் இருக்கும், எந்த ஓயூவோடு இணைத்திருந்தோம் என்ற இணைப்பு இருக்காது, அது ஓயூவின் பக்கத்தில்தான் பதியப்படுகிறது. ஒவ்வொரு ஓயூவிலும் எந்த ஜிபிஓ, எந்த வரிசையில், என்ஃபோர்ஸ்டா இல்லையா என்பதை இரண்டாம் பிரிவில் சொன்ன அதே ஷீட்டில் தனிப் பக்கமாக எழுதி, பேக்கப் எடுக்கும் நாளிலேயே புதுப்பித்து, ஒரு பிரதியை சர்வருக்கு வெளியே வையுங்கள்.